பெயர் இருக்கு, ஆள் இல்லை

“சார், அட்ரஸ்ல என்.எச். ஒன்னுன்னு போட்டிருக்கு. நான் ஹைவேலதான் நிக்கிறேன். உங்க வீடு எந்தப் பக்கம்?”

மறைமலை நகரில் குடியிருப்பவர்கள் கூரியர் தம்பிகளிடம் ஆயுளில் பாதியை இப்படித்தான் கழிக்கிறோம். தம்பி, நீ நிற்பது நேஷனல் ஹைவே. நான் இருப்பது நெய்பர்ஹூட். இனிஷியல் ஒன்று, குடும்பம் வேறு. இதைச் சொன்னதும் அவன் ஒரு நொடி மௌனமாகிறான். ‘பெரிசு காலையிலேயே ஆரம்பிச்சிருச்சா’ என்ற சந்தேகம் அந்த மௌனத்தில் தெளிவாகக் கேட்கிறது.

இந்த வம்பு நியூயார்க்கில் பிறந்தது. குடியிருப்பு என்றால் நடுவில் பள்ளிக்கூடம், ஓரத்தில் கடைகள், பிள்ளைகள் பெரிய சாலையைத் தாண்டாமல் நடந்து போய்வரும் தூரம் என்று 1929இல் கிளாரன்ஸ் பெர்ரி என்ற அமெரிக்கர் கணக்குப்போட்டு, அதற்கு ‘நெய்பர்ஹூட் யூனிட்’ என்று பெயர் வைத்தார். ஊர் ஊராக நகரம் வரைகிறவர்கள் அதைப் பிடித்துக்கொண்டார்கள். சண்டிகரில் அது செக்டர் ஆயிற்று. சென்னையின் நெரிசலைக் குறைக்க ஜி.எஸ்.டி. சாலையோரம் ஒரு புதுநகரம் எழுப்பிய பெருநகர் வளர்ச்சிக் குழுமம், வரைபடத்தில் நெய்பர்ஹூட் 1, 2, 3 என்று எண் போட்டது. பெயர் சூட்டு விழாவுக்கு நாள் பார்ப்பதற்குள் ஜனங்கள் சாமான்களோடு வந்து இறங்கிவிட்டார்கள். தொட்டிலில் கிடந்த பிள்ளையைப் ‘பாப்பா’ என்று கூப்பிட்டு, அது ரேஷன் கார்டிலும் பாப்பாவாகி, பேரன் எடுத்த பிறகும் பாப்பாவாகவே நிற்கிற குடும்பங்கள் உண்டே, அந்தக் கதைதான்.

எண்ணோடு போயிருந்தால் பரவாயில்லை. நகரத்துக்கு மொத்தமாக வைத்த பெயர் யாருடையது என்று பாருங்கள். 1876இல் நாகப்பட்டினத்தில் வேதாசலமாகப் பிறந்து, சுவாமி வேதாசலமாக வளர்ந்து, ‘வேதம்’ மறையாகவும் ‘அசலம்’ மலையாகவும் ‘சுவாமி’ அடிகளாகவும் மாறிய மனிதர். 1916இல் தனித்தமிழ் இயக்கத்தைத் தொடங்கியவர். தன் பெயரை மாற்றியதோடு அவர் கை ஓயவில்லை. நடத்திய இதழ் ‘ஞானசாகரம்’ ‘அறிவுக்கடல்’ ஆயிற்று. ‘சமரச சன்மார்க்க நிலையம்’ ‘பொதுநிலைக் கழகம்’ ஆயிற்று. கண்ணில் பட்ட பிறமொழிச் சொல்லை எல்லாம் சும்மா விடாத அந்த மனிதர் இன்று தம் நகருக்கே குடிவந்தால் விலாசம் எப்படி எழுதுவார்? பாவேந்தர் சாலை, என்.எச். 1. பாவேந்தர் வரைக்கும் புன்னகையோடு வந்து, கமாவுக்குப் பிறகு பேனாவை வைத்துவிடுவார்.

அதோடும் முடியவில்லை. தனித்தமிழ் முனிவரின் பெயரில் அமைந்த ஊரில் அமெரிக்க ஃபோர்டு வந்து கார் செய்தது. 1999இல் ஐகான் என்ற வண்டி வெளியே வந்தது. நம் வாயில் ஃபோர்டும் போர்டுதான், பெயர்ப்பலகையும் போர்டுதான். 2022இல் கம்பெனி கடைசி வண்டியை ஓட்டி முடித்துக் கதவைச் சாத்தியபோது எங்கள் பேருந்து நிறுத்தத்தில் ஒரு தாத்தா சொன்னார்: “போர்டு போயிடுச்சு. போர்டு மட்டும் இருக்கு.” இலக்கணப்படி ஒரு பிழை இல்லை.

அந்தத் தாத்தா சொன்ன பிறகுதான் இந்த வட்டாரத்தின் பெயர் ரகசியம் எனக்கு விளங்கியது. மறைமலை நகரில் ஆரம்பித்து சிங்கப்பெருமாள் கோயில், ஒரகடம், வல்லக்கோட்டை, ஸ்ரீபெரும்புதூர் என்று போகிற சாலை முழுவதும் ஒரே சட்டம்தான் அமலில் இருக்கிறது. இருப்பவர்களுக்கு எண். இல்லாதவர்களுக்குப் பெயர். ஒன்று காணாமல் போனால் பலகை வரும். அதுவரை பிளாட் நம்பர், பஸ் நம்பர், எம்ப்ளாயி நம்பர்.

மாவட்டத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். எங்கள் தெருவில் ஒரு பாட்டி பிறந்தது முதல் பத்து மைலுக்கு அப்பால் போனதில்லை. செங்கல்பட்டு மாவட்டத்தில் பிறந்தார். பிறகு செங்கை எம்.ஜி.ஆர். மாவட்டத்தில் இருந்தார். 1997இல் மாவட்டங்களின் பெயரிலிருந்து தலைவர்களை எல்லாம் இறக்கிவிட்டபோது காஞ்சிபுரம் மாவட்டத்துக்குக் குடிபோனார், திண்ணையை விட்டு எழுந்திருக்காமலே. 2019 நவம்பரில் மீண்டும் செங்கல்பட்டு. உலகம் சுற்றிய களைப்பு அவர் முகத்தில் தெரியும். இந்தக் கணக்கில் ஜாகீர் சேரவில்லை. 1763இல் ஆற்காட்டு நவாப் முகமது அலி இந்தச் சீமையைக் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு ஜாகீராக எழுதிக் கொடுத்தார். வாலாஜா என்று பட்டம் கொண்ட அந்த மகானுபாவர் வாங்கிய கடன் லண்டன் பாராளுமன்றம் வரை நாறியது. 1785இல் எட்மண்ட் பர்க் அதைப் பற்றியே ஒரு நீண்ட உரை நிகழ்த்தினார். நீங்களும் நானும் ஒரு இ.எம்.ஐ. தவறினால் வாசலில் ஆள் வந்து நிற்கிறான். அவருக்கோ வாலாஜாபாத் என்று ஒரு ஊர், வாலாஜாபேட்டை என்று இன்னொரு ஊர். ஒரகடத்தைக் குறுக்கே வெட்டிக்கொண்டு போகும் சாலைக்கு இன்றைக்கும் வண்டலூர்–வாலாஜாபாத் சாலை என்றுதான் பெயர். கடன் வாங்கினால் பெரிதாக வாங்க வேண்டும்.

சரி, வண்டி ஏறுவோம்.

மறைமலை நகரிலேயே ஒரு மூலையில் திருக்கச்சூர் இருக்கிறது. பசியோடு வந்து உட்கார்ந்த சுந்தரருக்காகச் சிவபெருமானே ஒரு வேதியர் வேடத்தில் வீடு வீடாகப் போய்ச் சோறு வாங்கிவந்து பரிமாறினார் என்பது தலபுராணம். இரந்து வந்து இட்டதால் இரந்திட்ட ஈஸ்வரர். இன்று இதே தெருக்களில் முதுகில் சதுரப் பையோடு வீடு தேடும் பையன்களுக்கு இவர்தான் குலதெய்வமாக இருக்க வேண்டும். அவருக்கு விலாசம் கண்டுபிடிப்பதில் சிரமம் இருந்திருக்காது. அப்போது என்.எச். கிடையாது.

அடுத்தது சிங்கப்பெருமாள் கோயில். குன்றைக் குடைந்த கருவறையில், நெற்றிக்கண்ணோடு உட்கார்ந்திருக்கும் நரசிம்மர். தூணைப் பிளந்துகொண்டு வந்தவருக்கு நம் ஜனங்கள் வைத்த பெயர் ‘எஸ்.பி. கோயில்’. கண்டக்டர் விசில் ஊதி “எஸ்.பி. எறங்கு, எஸ்.பி. எறங்கு” என்று கத்தும்போது, போலீஸ் சூப்பரிண்டெண்டெண்டே பின் படிக்கட்டில் தொங்கிக்கொண்டு வருகிறாரோ என்று வெளியூர்க்காரர்கள் எட்டிப்பார்ப்பார்கள். மூன்றாவது கண் உள்ள அதிகாரி என்பதால் பெயர் பொருத்தம்தான் என்று விட்டுவிடலாம்.

இங்கே வடமேற்காகத் திரும்பினால் ஒரகடம் சாலை. இந்த ஒரகடத்தைத் தேடி வருகிறவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும்: அம்பத்தூரிலும் ஒரு ஒரகடம் இருக்கிறது, திருக்கழுக்குன்றம் பக்கமும் ஒன்று இருக்கிறது. இன்டர்வியூவுக்குக் கிளம்பிய ஒரு பையன் அம்பத்தூர் ஒரகடத்தில் இறங்கி, கார் கம்பெனி எங்கே என்று கேட்டு, டீக்கடைக்காரர் அவனை அனுதாபத்தோடு உட்காரவைத்து டீ கொடுத்த கதை என் சொந்தக்காரர் வீட்டில் நடந்தது. போதாக்குறைக்கு ரியல் எஸ்டேட் ஒரகடம் என்று நான்காவதாக ஒன்று உண்டு. ‘ஒரகடத்துக்கு மிக அருகில்’ என்று நோட்டீஸ் அடித்து, ஏ.சி. வேனில் ஏற்றி, வழியில் சாம்பார் சாதம் வாங்கிக் கொடுத்து, இறக்கிவிடும் இடம் உத்திரமேரூரைத் தாண்டியிருக்கும். இந்த வகையில் ஒரகடம் வளர்ந்த வேகத்தில் வளர்ந்த ஊர் தமிழ்நாட்டில் வேறில்லை. நோட்டீஸ்களை மட்டும் வைத்து வரைபடம் போட்டால் அதன் தெற்கு எல்லை வந்தவாசியில் இருக்கிறது.

பெயரில் ஏமாற இன்னொரு வாய்ப்பும் பக்கத்திலேயே உண்டு. ஒரகடம் சிப்காட்டை ஒட்டி ஒரு பண்ருட்டி இருக்கிறது. பலாப்பழத்துக்குப் பெயர் போன பண்ருட்டி கடலூர்ப் பக்கம். இங்கே பலாச்சுளை கேட்டால் செக்யூரிட்டி கேட் பாஸ் கேட்பார்.

இப்போது காட்டுக்கு வருகிறோம். பழைய தொண்டைமண்டலத்தை இருபத்துநான்கு கோட்டங்களாகப் பிரித்திருந்தார்கள். அதில் ஒன்று செங்காட்டுக் கோட்டம். ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் செங்காடு என்று ஊர் உண்டு. வெங்காடு என்று ஊர் உண்டு. பெங்களூர் சாலையில் இருங்காட்டுக்கோட்டை உண்டு. இருங்காடு என்றால் பெருங்காடு என்றும் கொள்ளலாம், இருண்ட காடு என்றும் கொள்ளலாம். ஆக சிவப்புக் காடு, வெள்ளைக் காடு, கறுப்புக் காடு என்று கலர் கலராகக் காடு வைத்திருந்த பூமி இது. மூன்றையும் வெட்டித் தீர்த்த பிறகு அரசாங்கம் நான்காவதாக ஒன்றை வளர்த்தது. சிப்காடு. 1971இல் தமிழ்நாடு தொழில் முன்னேற்றத்துக்காக ஏற்படுத்திய நிறுவனத்தின் ஆங்கிலச் சுருக்கம்தான் சிப்காட் என்று படித்தவர்கள் சொல்வார்கள். எங்கள் பக்கத்துக் கிழவிகள் வாயில் அது சுத்தமான காடுதான். “எம்மவன் சிப்காட்டுக்குப் போயிருக்கான்” என்று அவர்கள் சொல்லும்போது, சுள்ளி பொறுக்கப் போன பிள்ளை பொழுது சாய்ந்தால் வந்துவிடுவான் என்ற தொனி இருக்கும். நைட் ஷிஃப்ட் என்றால் பொழுது விடிந்தால் வருவான்.

காட்டுக்கு நேர்ந்ததே தண்ணீருக்கும். அகராதியைப் புரட்டினால் பாக்கம் என்பது நெய்தல் நிலத்து ஊர், அதாவது கடலோரச் சிற்றூர். இங்கே மாம்பாக்கம், பிள்ளைப்பாக்கம், வட்டம்பாக்கம், பனப்பாக்கம் என்று கொத்துக் கொத்தாகப் பாக்கம் இருக்கிறது, கடல்தான் காணோம். காரணித்தாங்கல் என்று ஒரு ஊர். தாங்கல் என்றால் பாசனத்துக்கு நீரைத் தாங்கி நிற்கும் சிறிய ஏரி. வெளியூரிலிருந்து வந்து மனை வாங்குகிறவர் இதையெல்லாம் அர்த்தம் இல்லாத சத்தம் என்று நினைத்து ‘லேக் வியூ அவென்யூ’ என்று புதுப் பெயர் வைத்துக்கொள்வார். 2015 டிசம்பரில் பெய்த மழையில் ஏரிகள் ஒன்றின் மேல் ஒன்று உடைந்து கிளம்பியபோது தண்ணீர் யாரிடமும் வழி கேட்கவில்லை. தாங்கல் எங்கே, ஏரி எங்கே, வாய்க்கால் எங்கே என்று அதற்கு எல்லாப் பழைய விலாசமும் நினைவிருந்தது. நேராக வந்து உட்கார்ந்தது. கார் கம்பெனிகள் சில நாள் வேலையை நிறுத்திவைத்தன. லேக் வியூகாரர்கள் மாடியில் நின்றுகொண்டு கொடுத்த காசுக்கு வியூ பார்த்தார்கள்.

தோற்றவனுக்குப் பெயர் என்ற சட்டத்தின் மூலப்பிரதி வல்லக்கோட்டையில் இருக்கிறது. ஏழடி உயர முருகன் நிற்கும் கோயில். வல்லன் என்ற அசுரன் தேவர்களைப் படுத்திய பாட்டில், முருகன் வந்து அவனை முடித்தார். சாகும்போது அசுரன் கேட்டது ஒன்றே ஒன்று: “இந்த ஊர் என் பேரால விளங்கணும்.” கொடுத்தாயிற்று. வென்றவர் ஏழடிக்கு எழுந்து நிற்கிறார், பலகையில் தோற்றவன் பெயர். கார்ப்பரேட் உலகில் இதற்கு நேமிங் ரைட்ஸ் என்று கோடிக்கணக்கில் வாங்குகிறார்கள். வல்லன் ஒரு உயிரைக் கொடுத்து நிரந்தரமாக எழுதி வாங்கிக்கொண்டான். பக்கத்து வல்லம் வடகால் சிப்காட்டில் ராயல் என்ஃபீல்டு, யமஹா என்று இரண்டு மோட்டார் சைக்கிள் கம்பெனிகள் இருக்கின்றன. வாசலில் வரிசையாக நிற்கும் வண்டிகளைப் பார்த்தால் அசுர பரம்பரை அற்றுப்போகவில்லை என்று தோன்றும்.

அந்த வல்லம் வடகாலில்தான் 2024 ஆகஸ்டில் 18,720 பேர் தங்கும் விடுதியைத் திறந்தார்கள். ஐபோன் பொருத்தும் கம்பெனியில் வேலை செய்யும் பெண்களுக்கானது. பல பேரூராட்சிகளில் இத்தனை ஜனம் கிடையாது. ஒரு ஊரையே அடுக்கிவைத்த மாதிரி நிற்கும் அந்தக் கட்டடங்களுக்கு ஊர்ப்பெயர் கிடையாது. பிளாக், மாடி, அறை, கட்டில், எல்லாமே எண்தான். நம் சட்டப்படி சரி. உள்ளே ஆள் இருக்கிறதே.

நெடுஞ்சாலையில் உள்ள கம்பெனிப் பெயர்களை வாய்விட்டுப் படித்துக்கொண்டே போவது எனக்கு ஒரு வழக்கம். வெள்ளைக்காரப் பெயர், ஜப்பான் பெயர் என்று நாம் மலைத்துப் பார்க்கிற பலகைகளில் பாதி, ஏதோ ஒரு நாட்டுக் கிராமத்தின் பெயர். ஸ்ரீபெரும்புதூரில் 2000இலிருந்து கண்ணாடி செய்யும் சாங்கோபேன், பிரான்சின் வடக்கே காட்டுக்குள் இருக்கும் ஒரு சிற்றூர். 1665இல் பதினான்காம் லூயி ராஜா தொடங்கிவைத்த கண்ணாடிக் கம்பெனி பிறகு அந்த ஊரில் போய்ப் பட்டறை போட்டது. ‘சாங்’ என்பது புனிதர் என்கிற அடைமொழி. அதாவது நம் ஊர் பாஷையில் ஒரு ஸ்ரீகோபனூர், கடல் தாண்டி ஸ்ரீபெரும்புதூருக்குச் சம்பந்தம் பேச வந்திருக்கிறது. கொமாட்சு ஜப்பானில் ஒரு ஊர். சின்னப் பைன் மரம் என்று அர்த்தம். என்ஃபீல்டு லண்டனுக்கு வடக்கே ஒரு ஊர், துப்பாக்கித் தொழிற்சாலைக்குப் பெயர் பெற்றது. இருங்காட்டுக்கோட்டையில் 1998இல் ஹூண்டாய் முதன்முதலில் செய்த சான்ட்ரோவின் பெயர்கூட பிரான்சின் சாந்த்ரோபே என்ற கடற்கரை ஊரிலிருந்து வந்ததுதான். கடல் இல்லாத பாக்கங்களுக்கு நடுவே கடலோர ஊரின் பெயரில் கார். யாருக்கும் உறுத்தவில்லை.

இந்தப் பலகைகளை எல்லாம் மறைமலை அடிகளிடம் ஒரு நாள் கொடுத்துப் பார்க்கலாம் என்று ஆசை. ஹூண்டாய் என்றால் கொரிய மொழியில் தற்காலம். ‘இக்காலம்’ என்று எழுதிவிடுவார். பெரும்புதூர் என்றாலும் பெரிய புது ஊர்தானே, பொருத்தம் பத்துக்குப் பத்து. யமஹா என்பதை எழுதும் எழுத்துகளுக்கு மலை, இலை என்று அர்த்தம். மறைமலையாருக்கு மலையிலை கசக்குமா? நிஸ்ஸான் என்பது ‘ஜப்பான் தொழில்கள்’ என்பதன் சுருக்கம். அதாவது அது ஜப்பான் சிப்காட். சிப்காட்டுக்குள் ஒரு சிப்காட். சாம்சங் என்றால் மூன்று நட்சத்திரம். விண்மீன் கணக்கில் ‘மும்மீன்’. சுங்குவார்சத்திரத்தில் ‘மும்மீன் குளிர்ப்பெட்டி’ என்று பலகை வைத்தால், காலையில் முதல் ஆளாக வருகிறவர் கையில் கூடையோடு வஞ்சிரம் என்ன விலை என்று கேட்பார்.

மும்மீன் பெயரில் ஒரு நிஜச் சண்டையும் நடந்தது. 2024 செப்டம்பரில் சாம்சங் ஆலைத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். 37 நாள். கூலி, வேலைநேரம் எல்லாம் இருந்தாலும், தொழிற்சங்கத்தைப் பதிவு செய்வதில் முட்டிக்கொண்டது ஒரு பெயர். சங்கத்தின் பெயரில் ‘சாம்சங்’ என்ற சொல் வரக்கூடாது என்றது கம்பெனி. சட்டைப் பையில் அந்தப் பெயரைத் தைத்துக்கொண்டு போகலாம். அடையாள அட்டையில் கழுத்தில் தொங்கவிடலாம். ஃபிரிட்ஜின் நெற்றியில் நாள் முழுக்க ஒட்டலாம். தங்கள் சங்கத்துக்கு வைத்துக்கொள்ள முடியாது. விஷயம் உயர் நீதிமன்றம் வரை போய், 2025 ஜனவரியில் சாம்சங் பெயரோடேயே சங்கம் பதிவானது. இந்த வட்டாரத்தில் உயிரோடு இருப்பவர்கள் எண்ணுக்குப் பதிலாகப் பெயர் கேட்டு வாங்கிய சம்பவம் எனக்குத் தெரிந்து இது ஒன்றுதான்.

ஸ்ரீபெரும்புதூர் வந்துவிட்டது. தொழிலாளர் பிரச்சினை என்று பேச்செடுத்ததால் இந்த ஊரின் புராணத்தைச் சொல்லியாக வேண்டும். கயிலாயத்தில் சிவபெருமான் சடை விரித்துத் தாண்டவம் ஆடினார். சுற்றி நின்ற பூதகணங்கள் சிரித்துவிட்டன. மேனேஜர் ஆடும்போது சிரித்தால் என்ன ஆகும்? டிஸ்மிஸ். வேலை போன பூதங்கள் கூட்டமாக இந்தப் பக்கம் வந்து திருமாலை நோக்கித் தவம் செய்தன. ஆதிசேடன் ஒரு குளத்தை உண்டாக்க, அதில் முழுகிச் சாபம் தீர்ந்தன. நன்றிக்காக ஆதிகேசவப் பெருமாளுக்குக் கோயில் எழுப்பிக் கொடுத்துவிட்டுப் பழைய வேலையிலேயே போய்ச் சேர்ந்துகொண்டன. அதனால் பூதபுரி, அதுதான் பெரும்பூதூர் என்பது கோயில் பக்கத்து வாதம். வெளியூரிலிருந்து கூட்டமாக வந்து, ஒரே வேலையாகக் கட்டி முடித்துவிட்டு, சொந்த ஊருக்குத் திரும்பிய அந்தப் பூதங்கள்தான் இந்த வழித்தடத்தின் முதல் கான்ட்ராக்ட் லேபர். இன்று இதே சாலையில் ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்த தம்பிகள் ஹெல்மெட்டைத் தலைக்கு வைத்துத் தூங்குகிறார்கள். அவர்களும் கட்டி முடித்துவிட்டுப் போவார்கள். பூதங்களுக்குக் கிடைத்தது இவர்களுக்குக் கிடைக்குமா என்றால், ‘பிஹாரி லைன்’ என்று ஒரு தெருவுக்கு வாய்ப்பேச்சில் பெயர் வந்துவிட்டது. நகராட்சிப் பலகையில் இன்னும் வரவில்லை.

பூதம் எல்லாம் கட்டுக்கதை, வெறும் புதூர்தான் என்று ஒரு கட்சி உண்டு. அவர்கள் சொல்வது சரியென்றால் இன்னும் வேடிக்கை. ஆயிரம் வருஷமாகப் புது ஊர் என்ற பெயரைத் தாங்கிக்கொண்டு கிழடாகி நிற்கிறது. நடுவில் ஸ்ரீயா திருவா என்ற பஞ்சாயத்து தனி. ஒரு பலகையில் ஸ்ரீபெரும்புதூர், இன்னொன்றில் திருப்பெரும்புதூர். பஸ் டிரைவர்கள் இரண்டையும் கழற்றிவிட்டு வெறும் பெரும்புதூர் என்கிறார்கள். சமரச சன்மார்க்கம் அவர்களிடம்தான் இருக்கிறது. மன்னிக்க, பொதுநிலை.

1017இல் இங்கே பிறந்தவர் ராமானுஜர் என்பது வைணவ மரபு. தாய்மாமன் பெரிய திருமலை நம்பி வைத்த பெயர் இளையாழ்வார். பிறகு எதிராசர், உடையவர், எம்பெருமானார், பாஷ்யகாரர் என்று ஆயுள் முழுக்கப் பெயர் சேர்ந்துகொண்டே போயிற்று. அவரோ இன்னொருவருக்குப் பெயர் வைத்துக் காட்டினார். மேல்கோட்டையில், ஊர் ஒதுக்கிவைத்திருந்தவர்களைத் திருக்குலத்தார் என்று அழைத்தார். உயிரோடு எதிரில் நின்ற ஜனங்களுக்குக் கொடுத்த பெயர் அது. நம் சட்டத்துக்கு ஒத்துவராத ஆள். சொந்த ஊர்க்காரர்கள் மட்டும் சட்டப்படி நடந்துகொண்டார்கள். காஞ்சி, திருவரங்கம் என்று அவர் போய்விட்ட பிறகு, அவர் இருக்கும்போதே அவருடைய சிலையைச் செய்து இங்கே வைத்தார்கள். ‘தானுகந்த திருமேனி’. ஆள் திருவரங்கத்தில், திருமேனி பெரும்புதூரில்.

இந்த ஊரின் பெயரை உலகம் முழுவதும் உச்சரித்தது 1991 மே 21 இரவு ராஜீவ் காந்தி இங்கே கொல்லப்பட்ட பிறகு. அதைப் பற்றிக் கிண்டல் எழுத எனக்குக் கை வராது. நினைவிடம் இருக்கிறது, இளைஞர்களுக்கான ஒரு தேசிய நிறுவனமும் அவர் பெயரில் இருக்கிறது. தாண்டிப் போவோம்.

நோக்கியா என்பதும் ஒரு ஊர், பின்லாந்தில். ஆற்றங்கரையில் காகித ஆலை வைத்துப் பிழைத்த ஊர். 2006இல் அந்தப் பெயர் ஸ்ரீபெரும்புதூருக்கு வந்தது. சுற்றுப்பட்டு கிராமத்துப் பெண்கள் கம்பெனி பஸ் ஏறி ஷிஃப்டுக்குப் போய், முதல் சம்பளத்தில் அப்பாவுக்கு வேட்டியும் தங்களுக்கு அதே போனும் வாங்கினார்கள். 2014 நவம்பரில் மூடிவிட்டார்கள். பிறகு வேறு கம்பெனி, வேறு பலகை. ஆனால் ஷேர் ஆட்டோவில் இன்றைக்கும் “பழைய நோக்கியா” என்று சொன்னால் சரியான இடத்தில் இறக்கிவிடுவார். வேலை போனது, ஸ்டாப்பிங் நின்றது. எங்கள் பக்கத்தில் அரை ஏக்கர் விற்று மகளை டிப்ளமோ படிக்கவைத்த ஒருவர், அந்த ஸ்டாப்பிங்கில் ஆட்டோ நிற்கும்போதெல்லாம் வேறு பக்கம் திரும்பிக்கொள்வார்.

இன்னும் கொஞ்சம் மேற்கே போனால் பரந்தூர். பரந்த ஊர். அங்கே 5,000 ஏக்கருக்கு மேல் எடுத்து சென்னைக்கு இரண்டாவது விமான நிலையம் கட்டப்போவதாக 2022இல் அறிவித்தார்கள். ர-வை ற ஆக்கினால் வேலை முடிந்தது என்று பேப்பர்காரர்களுக்கு ஒரே கொண்டாட்டம். தலைப்பு தானாக வந்து விழுந்தது. ஏரியும் வயலும் வீடும் சேர்ந்து போகிற ஏகனாபுரத்து ஜனங்களுக்குத் தலைப்பு ரசிக்கவில்லை. அன்றிலிருந்து போராடிக்கொண்டிருக்கிறார்கள். வல்லனைப் போலக் கடைசி ஆசை கேட்கும் உத்தேசம் அவர்களுக்கு இல்லை போலிருக்கிறது. ரன்வேக்கு எங்கள் பெயரை வையுங்கள் என்று ஒருவரும் மனு கொடுக்கவில்லை.

திரும்பி வரும்போது மறைமலை நகருக்கு ஷேர் ஆட்டோ கிடைத்தது. “எங்கண்ணே?” என்றார் டிரைவர். “பழைய போர்டு ஸ்டாப்பிங்” என்றேன். அவரிடம் ஒரு சந்தேகத்தைக் கேட்டேன். ஃபோர்டு திரும்ப வருகிறதாம். 2025 அக்டோபர் கடைசியில் ஒப்பந்தம் போட்டிருக்கிறார்கள். 2029இல் இஞ்சின் செய்யத் தொடங்குவார்களாம். போனது திரும்பி வந்தால் அப்புறம் இந்த ஸ்டாப்பிங்கை எப்படிச் சொல்வது?

ஒரு பள்ளத்தில் இறக்கி ஏற்றிவிட்டு, கண்ணாடியில் என்னைப் பார்த்தார்.

“அது எப்பவும் பழைய போர்டுதாண்ணே. புதுசா வந்தா, ‘பழைய போர்டுக்குள்ள இருக்கிற புது போர்டு’ன்னு சொல்லுவோம். நீங்க சில்லறையா வச்சிருக்கீங்களா?”